பாணன் ஃபீஸ் வாங்கவில்லை

தமிழின் முதல் கேரியர் கன்சல்டன்ட் யார் என்று யாராவது க்விஸ்ஸில் கேட்டால் தயங்காமல் 'பாணன்' என்று சொல்லுங்கள். மார்க் தராவிட்டால் சண்டை போடலாம். தொல்காப்பியம் உங்கள் பக்கம். கூத்தர், பாணர், பொருநர், விறலியரில் பரிசு பெற்றுத் திரும்புகிற ஒருவர், இன்னும் பெறாமல் எதிரே வருகிறவருக்கு 'இன்னாரிடம் போ, இப்படிப் போ' என்று வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி இதுதான். ஐந்தில் திருமுருகாற்றுப்படையை விட்டுவிடலாம். முருகனிடம் போனால் கிடைப்பது சம்பளம் அல்ல. மற்ற நாலும் பிழைப்பு தேடும் இலக்கியம். 'பாட்டுடைத் தலைவன் யார்?' என்று இரண்டு மார்க் கேள்வி கேட்டே அவற்றின் உயிரை எடுத்துவிட்டோம். தலைவனை ஒதுக்கிவிட்டு, வழி சொல்கிறவன் எப்படிச் சொல்கிறான் என்று மட்டும் படித்துப் பாருங்கள்.

பொருநராற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். முடத்தாமக்கண்ணியார் பாடியது, 248 அடி. கரிகாலனைப் பற்றியது, காவிரியில் போய் முடிவது. ஆகவே திருச்சிக்காரர்களுக்குக் கொஞ்சம் சொந்தம். இதில் பொருநன் தன் பழைய துணியை மறைக்கவே இல்லை. ஈரும் பேனும் குடியிருந்த, வேர்வையில் ஊறிய, வேறு வேறு நூலால் ஒட்டுப்போட்ட கந்தல். அதை நீக்கி ராஜா கொடுத்தது பாம்புச் சட்டை போல மெல்லிய துணி. அப்புறம் சாப்பாடு. இரவும் பகலும் கறி தின்று தின்று, கொல்லையை உழுத கொழு மாதிரி பல் மழுங்கிப்போனதாம். விடைகொடுக்கும்போது ராஜா ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்பினான் என்கிறான். தான் எப்படி இருந்தேன், எப்படி ஆனேன் என்பதற்கு வேறு சர்டிஃபிகேட் தேவையில்லை. எதிரே நிற்கிறவன் அவன் இடுப்பைப் பார்த்தாலே போதும்.

சிறுபாணாற்றுப்படையின் நத்தத்தனார் இன்னும் சாமர்த்தியசாலி. வஞ்சி, மதுரை, உறந்தை மூன்று தலைநகரத்தையும் வர்ணித்துவிட்டு, அங்கெல்லாம் கிடைப்பது நல்லியக்கோடனிடம் கிடைப்பதன் முன்னால் சொற்பம் என்கிறார். உறந்தை என்பது நம் உறையூர். நல்லியக்கோடன் ஊர் திண்டிவனத்துப் பக்கம். 'திருச்சியில் ஒண்ணும் இல்லைப்பா, திண்டிவனம் போ' என்று அப்போதே சொல்லியாகிவிட்டது. மிகைதான், தலைவனைக் குளிர்விக்கச் சொன்னதுதான். ஆனாலும் நாலு இடத்தை ஒப்பிட்டுக் காட்டியாவது சொல்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மலைபடுகடாம். 583 அடியில் பெருங்கௌசிகனார் பாதையின் ஆபத்துகளுக்குத் தாராளமாக இடம் கொடுக்கிறார். இங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், இங்கே பாம்பு இருக்கும் குழி, இங்கே பாறை வழுக்கும், இங்கே தினைக்காவல்காரன் வீசும் கவண்கல் வரும், மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள். நன்னனிடம் போனால் கிடைக்கும் பரிசைவிட, போகும் வழியில் உயிரோடு இருப்பது முக்கியம் என்று தெரிந்த ஆள். வழி சொன்னதற்காக எதிரே வந்தவனிடம் காசு கேட்கும் வழக்கம் நாலு பாட்டிலும் இல்லை.

இதையெல்லாம் இப்போது புரட்ட வைத்தது ஒரு ரசீது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு நண்பரின் பையன், சமயபுரம் தாண்டி ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவன், தில்லைநகரில் ஒரு கன்சல்டன்ஸியில் ஆறாயிரம் ரூபாய் கட்டியிருந்தான். 'ரெஜிஸ்ட்ரேஷன், கவுன்சலிங், ரெஸ்யூமே' என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது.' மூன்று மாதத்தில் கிடைத்தது ஒரு பயோடேட்டாவும் சென்னையில் இரண்டு இன்டர்வியூவும். இரண்டுமே இன்ஷூரன்ஸ் விற்கிற வேலை.

அந்த பயோடேட்டாவை ஓர் இலக்கிய வகையாக பாவித்துப் படித்தேன். முதல் வரி 'அப்ஜெக்டிவ்'. டைனமிக்கான நிறுவனத்தில் சேலஞ்சிங்கான பொறுப்பு வேண்டும் என்று அதே ஆங்கிலத்தில் அவன் நண்பர்கள் மூன்று பேருக்கும் எழுதித் தரப்பட்டிருக்கிறது. கூட்டுப் பிரார்த்தனை மாதிரி. ஸ்ட்ரென்த்: ஹார்ட் ஒர்க், டீம் ஒர்க். ஹாபி: இசை கேட்பது. யார்தான் கேட்பதில்லை?

"நீயா எதையாவது ரிப்பேர் பண்ணியிருக்கியாடா?" என்று கேட்டேன்.

"சித்தப்பா போர்செட் மோட்டார் எரிஞ்சுபோச்சு மாமா. காயில் நான்தான் கட்டினேன். ரெண்டு வருஷமா ஓடறது."

"இதை ஏன் இதில் போடலை?"

"அதெல்லாம் போடக் கூடாதுன்னுட்டா."

பொருநன் கந்தலை மறைக்கவில்லை. இந்த கன்சல்டன்ட் காயிலை மறைத்துவிட்டார். திருவெறும்பூரில் 1960-களில் 'பெல்' பாய்லர் தொழிற்சாலை வந்து, அதை நம்பி துவாக்குடி வரைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. பெல் ஆர்டர் குறைந்தால் அங்கே வெல்டிங் வெளிச்சமும் குறையும் என்பது அந்தப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரியும். எந்தப் பட்டறைக்கு இப்போது ஆள் வேண்டும் என்று தில்லைநகர் ஏ.சி. அறைக்குத்தான் தெரியவில்லை. போகாத ஊருக்கு வழி.

கன்சல்டன்ட்களே மோசம் என்று சொல்லவில்லை. ஒழுங்கான ரெக்ரூட்மென்ட் கம்பெனிகள் ஆளை எடுக்கும் முதலாளியிடம்தான் கட்டணம் வாங்குகின்றன; அவன் வருடச் சம்பளத்தில் ஒரு பங்கு என்று கணக்கு. தப்பான ஆளை அனுப்பினால் அடுத்த ஆர்டர் வராது. வேலை தேடுகிறவனிடமே வாங்கும்போது இது தலைகீழாகிறது. வேலை கிடைக்காதவர்கள் இருக்கும்வரை வியாபாரம் நடக்கும். தனியார் ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-வது உடன்படிக்கை, 1997-லேயே, ஏழாம் பிரிவில் சொல்லிவிட்டது. நம் ஊரில் வெளிநாட்டு வேலைக்காவது 1983-ன் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் முப்பதாயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான் வாங்கலாம். 2024 ஜனவரியில் புது டெர்மினல் திறந்த திருச்சி ஏர்போர்ட்டில், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பும் வரிசையில் நிற்பவர்களிடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

கவண்கல்லைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 சாட்சி. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று ஏஜென்ட்கள் அனுப்பிய பிள்ளைகள், மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைக்கப்பட்டு ஆன்லைன் மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. அக்டோபரில் தமிழகத்துப் பிள்ளைகள் 13 பேர் மீண்டு சென்னை வந்து இறங்கினார்கள்.

அப்படியானால் பழைய திண்ணையே மேல் என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். ஸ்ரீரங்கத்துக்கு அதில் தனிப் பெருமை உண்டு. பம்பாயிலிருந்து வைகுண்ட ஏகாதசிக்கு வரும் மாமா, உத்தர வீதித் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டே, 'டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சியா? ஷார்ட்ஹேண்ட்? ரயிலேறு, மாதுங்காவில் பார்த்துக்கலாம்' என்பார். போனவன் அடுத்தவனை இழுத்துக்கொண்டான். ஃபீஸ் கிடையாது. ஆற்றுப்படைக்கு இவ்வளவு கிட்டே வந்தது வேறெதுவும் இல்லை. ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார யாருக்கு உரிமை இருந்தது? கொள்ளிடக் கரையில் நாணல் அறுத்தவர் மகனுக்கு மாதுங்கா விலாசம் யார் சொன்னார்கள்? சங்கப் பாணனும் பாணனுக்குத்தான் சொன்னான் என்று நீங்கள் மடக்கலாம். நியாயம். ஆனால் அவன் சொன்னது வழியில் எதிர்ப்பட்ட முன்பின் தெரியாதவனுக்கு. அத்திம்பேர் பிள்ளைக்கு அல்ல.

(திண்ணைக்கும் கன்சல்டன்ஸிக்கும் நடுவில் ஒரு ஜாதி உண்டு. 1981-ல் பாலசந்தரின் 'தில்லு முல்லு'வில், குடும்பத்துக்குத் தெரிந்த டாக்டர் ரஜினியிடம் முதலாளியின் விருப்பு வெறுப்புகளைச் சொல்லி அனுப்புவார். மீசை வேண்டும், ஸ்போர்ட்ஸ் ஆசை கூடாது. வேலை கிடைத்துவிடும். அப்புறம் படம் முழுக்கப் பொய்.)

யார் வந்தாலும் சிபாரிசு கேட்காமல், காசு வாங்காமல் பதிந்துகொள்ளும் ஒரே இடம் அரசாங்க எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ். அதன் கஷ்டம் வேறு. காலியிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றது 1959-ன் சட்டம். அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கிருந்து வரும் பெயர்கள் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் கொடு என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சரியான தீர்ப்புதான். ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரின்யூ பண்ணி சீனியாரிட்டியை அடைகாத்தவர்களுக்கு முட்டை கூமுட்டையாகிவிட்டது. இப்போது அதன் போர்டில் 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்றும் சேர்த்திருக்கிறார்கள். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 'கேரியர் சென்டர்' என்றே பெயர் வைத்துவிட்டது. வழிகாட்டுகிற அதிகாரிக்கு துவாக்குடியில் மாதம் நாலு நாள் ட்யூட்டி போட்டால் பெயருக்குப் பொருள் வரும்.

பையனை துவாக்குடியில் வேலை பார்க்கும் அவன் சீனியர் ஒருவனைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பயோடேட்டாவில் காயிலை முதல் வரியாக எழுதிக்கொண்டு. உத்தரவாதம் தர மாட்டேன். சங்கப் புலவர்களும் தரவில்லை. நாலு ஆற்றுப்படையிலும் வழி சொன்னவன் என்ன பெற்றான் என்று பட்டு, பொன், தேர், குதிரை வரை கணக்கு இருக்கிறது. வழி கேட்டுப் போனவன் கடைசியில் என்ன பெற்றான் என்று ஒரு பாட்டிலும் இல்லை.