தீர்ப்புத் தமிழ்: குறை கலைச்சொல்லில் இல்லை

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மொழிபெயர்க்க 2019-இல் 'சுவாஸ்' என்ற மென்பொருள் வந்ததிலிருந்து ஒரு பேச்சு அடிபடுகிறது. கலைச்சொற்களை ஊட்டிவிட்டால் போதும், நீதிமன்றத் தமிழை இயந்திரமே உண்டாக்கிவிடும் என்கிறார்கள். இவர்களில் எத்தனை பேர் தமிழில் எழுதிய ஒரு தீர்ப்பையாவது கடைசிப் பத்தி வரை படித்திருப்பார்கள்?

சொல்லுக்கு நமக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர் வழக்கைச் சேக்கிழார் நடத்திக் காட்டும்போதே ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்று சான்று மூவகையாகப் பிரிந்துவிட்டது. மூல ஓலை வேறு, படி ஓலை வேறு. சோழர் கல்வெட்டுகளில் ஆவணம் பதியும் ஆவணக்களரி இருக்கிறது. பிறகு நவாபு, மராட்டியர், கும்பினியார் காலங்களில் வக்கீல், ஜாமீன், ஜப்தி, வாய்தா, அமீனா எல்லாம் கச்சேரிக்குள் நுழைந்தன. குடியானவன் வாயில் ஏறித் தமிழாகவும் ஆகிவிட்டன. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் 1707-இல் தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டத்தைத் தொகுத்தனர். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் ஆகிய சொத்து வகைப் பெயர்கள் அங்கே இன்றும் வழக்காடும் சொற்கள்.

அடுத்து வந்தவர்தான் நாம் பாதி மறந்த மனிதர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையை 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்காக மட்டும் பாடநூல்கள் நினைக்கின்றன. நாவலுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1862-இல், கும்பினியாரின் மேல்முறையீட்டு மன்றமான சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளை அவர் 'சித்தாந்த சங்கிரகம்' என்று தமிழில் வெளியிட்டார். முன்சீப் வேலை பார்த்துக்கொண்டே செய்த காரியம் இது. ஆங்கிலம் அறியாதவனும் தன் வழக்கின் சட்டத்தைத் தானே படிக்க வேண்டும் என்று நினைத்த முதல் நீதிபதி என்று அவரைத் தயங்காமல் சொல்வேன். அந்த வரிசையில் இரண்டாமவர் வர நெடுங்காலம் ஆயிற்று.

விடுதலைக்குப் பின் வந்தது குழுக்களின் காலம். ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கிய, ரசிகமணி டி.கே.சி.யின் இலக்கிய வட்டத்தைச் சேர்ந்த நீதிபதி எஸ். மகாராஜன் சட்டமொழி ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். அப்படிப்பட்ட காது வாய்த்தும், முயற்சி பெரும்பாலும் அகராதி வேலையாகவே சுருங்கியது. 'பிறழ் சாட்சி' போன்ற அருமையான ஆக்கங்கள் நாளிதழ் வரை பரவின, மறுக்கவில்லை. ஆனால் ஜாமீனா பிணையா என்று சண்டை போட்ட நேரத்தில் வாக்கியத்தை யாரும் கவனிக்கவில்லை. ஆங்கிலச் சட்ட வாக்கியம் முடிவை முதலில் சொல்லிவிட்டு நிபந்தனைகளைப் பின்னால் தொங்கவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அந்த ஆங்கில வாக்கியத்தை ஒரே தமிழ் வாக்கியமாகப் பெயர்த்தால் எட்டு எச்சங்களைத் தாண்டித்தான் தண்டனையா விடுதலையா என்று தெரியவரும். குழு செய்த அதே தவறை மென்பொருள் இன்னும் வேகமாகச் செய்கிறது.

உயிருள்ள நீதிமன்றத் தமிழ் கீழமை நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுத அங்கே வழிவிட்டது. குறுக்கு விசாரணையைப் பாருங்கள். "சம்பவத்தன்னிக்கு நீங்க ஊர்லயே இல்ல, சரிதானே?" என்கிறார் வக்கீல். "இல்லீங்க, அது பொய்" என்கிறார் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. "சம்பவத்தன்று நான் ஊரில் இல்லை என்றால் சரியல்ல" என்று பதிவாகிறது. கேள்வி, மறுப்பு, பேசியவர் யார் என்பது எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிட்டன. முறை ஆங்கிலேயருடையது என்றாலும் வாக்கியம் தமிழ். எந்தக் குழுவும் கூடி இதை ஆக்கவில்லை. நாள்தோறும் தட்டச்சு செய்தவர்கள் கையில் உருவானது.

இந்தப் பதிவு உயர் நீதிமன்றப் படியேறியதும் ஆங்கிலமாகிவிடுகிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. அரசமைப்பின் 348-ஆம் பிரிவில் உள்ள அதே வழியைக் கேட்டுத் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. 2010-இல் மதுரை வழக்கறிஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழு நீதிமன்றக் கூட்டம் 2012-இல் மறுத்துவிட்டது. அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தைக் காட்டி, அனுமதி உள்ள கீழமை நீதிமன்றங்களில் சோம்பியிருப்பதையும் மூடிமறைக்கிறோம்.

நீதிமன்றத்துக்கு வெளியே நிலைமை தேவலை. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் 'அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்' போன்ற நூல்கள், சட்ட விளக்கம் தமிழில் சுருக்கமாகவும் காரசாரமாகவும் அமையும் என்று காட்டிவிட்டன. இந்த நடை தீர்ப்புக்குள்ளும் வர வேண்டும்.

அகராதிக்கு இன்னொரு பதிப்பு இப்போது அவசரமில்லை. மாவட்ட நீதிமன்றங்களில் தமிழிலேயே சிந்தித்து எழுதிய நல்ல தீர்ப்புகளைத் தேர்ந்து ஆண்டுக்கொரு தொகுதி போடுங்கள்; சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாக வையுங்கள். 1862-இல் ஒரு முன்சீப் தனியாளாகச் செய்ததைத்தான் கேட்கிறோம்.