99-இல் கட்டிய மூக்கணாங்கயிறு

சித்திரையில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வரும் என் அக்கா மகனின் முதல் புகார் எப்போதும் ஒன்றுதான்: "மாமா, அங்க நல்லா ஓடின கேம் இங்க திக்குது." அதில் மிகையில்லை. ஓசூர் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 50 கி.மீ. இறங்கி வந்தால் கிருஷ்ணகிரி, சுமார் 500 மீட்டர். உயரம் குறையக் குறைய வெப்பம் கூடும். அறையின் சூடு ஐந்து டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவே ஏறும். நூறு டிகிரியை நெருங்கியதும் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் படம் திக்குவது அப்போதுதான்.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' 100 என்றிருப்பதை 99 ஆக்குவது. காசு செலவில்லை, ஸ்க்ரூ கழற்ற வேண்டாம். ஃபேன் இரைச்சல் உடனே அடங்கும், கீபோர்டு ஆறும்.

ஆனால் அந்த ஒரு சதவீதம் கண்கட்டு வித்தை. 99 என்றதும், அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடவைக்கும் டர்போ முழுதாக அணைந்துவிடும். கேமிங் லேப்டாப்களில் பரவலாக வந்த இன்டெல் ஐ5-10300ஹெச் சிப்பை எடுத்துக்கொள்வோம். அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் உச்சம் 4.5. ஆக, உச்சத்தில் கழிவது ஒன்றல்ல, நாற்பது சதவீதத்துக்கும் மேல்.

இருந்தும் இந்த வைத்தியம் பலிப்பதற்குக் காரணம் உண்டு. வேகம் கூட வோல்டேஜும் கூட வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடும். லாரியும் பைக்கும் செய்கிற ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கடைசிப் பத்து கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் வண்டி எண்ணெயைக் குடிக்கும். பல லேப்டாப்களில் ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரே செப்புக் குழாய் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றுகின்றன. எனவே கிராஃபிக்ஸ் சிப்பை வதைக்கும் பெரிய கேம்களில் 99 போட்டால் நஷ்டம் குறைவு. சில நேரம் ஓட்டம் சீராகவும் ஆகும். வாலரன்ட் போல ப்ராசஸரையே நம்பி ஓடுபவற்றில் ஃப்ரேம் எண்ணிக்கை பட்டென்று விழும். எந்த கேம் என்று கேட்காமல் 99 போடச் சொல்பவர், நாடி பார்க்காமல் மருந்து எழுதுகிறவர்.

எனக்கு இதில் பெரிய குறை வேறு. இந்த செட்டிங் நோயை மறைத்துவிடுகிறது. மருமகனின் லேப்டாப்புக்கு 'சர்வீஸ்' என்று பணம் வாங்கிய கடை செய்தது இந்த எண் மாற்றம் ஒன்றைத்தான். பிறகு நாங்களே பின்மூடியைத் திறந்தபோது ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. கிரானைட் குவாரிகளும் கனரக வண்டிகளும் நிறைந்த மாவட்டத்தில் இதில் வியப்பில்லை. தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகிக் கிடந்தது.

வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் குறைப்பது 99 போடுவதைவிட நேர்த்தியான வழி. ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும், பல இன்டெல் லேப்டாப்களில் வோல்டேஜ் குறைப்புக்கு பயாஸிலேயே பூட்டு விழுந்துவிட்டது. மிச்சமிருப்பது நடுவழி ஒன்று: விண்டோஸ் 10-இல் ஒளிந்திருக்கும் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஃப்ரீக்வென்ஸி' என்ற வரம்பு. மெகாஹெர்ட்ஸில் நாமே எண் கொடுக்கலாம். கயிறு இருக்கும், இறுக்காது.

தூசி தட்டி, பேஸ்ட் மாற்றிய பிறகு அவனுடைய லேப்டாப் ஓசூரில் 100-லேயே ஓடுகிறது. கிருஷ்ணகிரிக்கு வந்தால் 3500 என்று வரம்பு வைத்துக்கொள்கிறான். உங்களுடையதில் யாராவது 99 போட்டுக் கொடுத்திருந்தால், முதலில் பின்மூடியைத் திறந்து பாருங்கள்.