மலைப்பொழிவு யாருக்கு உரியது?

வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில், 2 முதல் 7 வரையுள்ள வசனங்களில், 'ஆயிரம் வருஷம்' என்னும் சொல் ஆறு முறை வருகிறது. இச்சிறு பகுதியின்மேல் எழுப்பப்பட்ட கோட்பாடுகள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு ஆராய விரும்புகிறோம். அது 1909இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தார் வெளியிட்ட ஸ்கோபீல்டு வேதாகமத்தின் குறிப்புரை. அறிந்தோ அறியாமலோ நம் பிரசங்க பீடங்களிலும் அதன் குரல் ஒலித்து வருகிறது. மேலே திருவசனம், அதே பக்கத்தின் அடியில் குறிப்புரை. எது அப்போஸ்தலரின் வாக்கு, எது வழக்கறிஞராயிருந்து போதகரான ஓர் அமெரிக்கரின் வாக்கு என்பதை நாள்தோறும் வாசிப்பவர் மறந்துவிடுவது எளிது.

ஜான் நெல்சன் டார்பி (1800–1882) வகுத்த வழியில் செல்லும் இக்குறிப்புரை கூறுவது இது: இயேசு இஸ்ரவேலருக்குத் தாவீதின் அரசை அளிக்க முன்வந்தார், அவர்கள் மறுத்தனர், ஆகவே அவ்வரசு ஆயிரமாண்டுக் காலத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது, இடையில் தோன்றியதே திருச்சபை. மலைப்பொழிவு முதற்கண் அவ்வரசின் சட்டம். திருச்சபைக்கு அது இரண்டாம் நிலையிலேயே பொருந்தும்.

ஆயிரமாண்டு அரசாட்சியை எழுத்தின்படி எதிர்நோக்குவோரை நாம் இகழவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் யுஸ்தீன் அந்நம்பிக்கை உடையவரே. ஆயினும் திரிப்போவுடன் நிகழ்த்திய உரையாடலில், தூய பக்தியுள்ள கிறிஸ்தவர் பலர் வேறுவிதமாய் எண்ணுவதை அவர் ஒப்புக்கொள்கிறார். தாம் முன்பு அக்கருத்தைக் கொண்டிருந்து பின்னர் கைவிட்டதை அகுஸ்தீனும் 'கடவுளின் நகரம்' 20ஆம் நூலில் மறைக்கவில்லை. இத்தகைய அடக்கம் ஸ்கோபீல்டின் குறிப்புரையில் அரிது. நம் மறுப்பெல்லாம் ஒத்திவைப்பைப் பற்றியதே.

மலைப்பொழிவையே கேட்போம். சாத்தான் கட்டுண்டு, கிறிஸ்து நீதியாய் ஆளும் நாட்டில் ஒருவன் மறு கன்னத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாயின், முதற்கன்னத்தில் அறைபவன் யார்? கிறிஸ்துவினிமித்தம் நிந்திக்கப்படுவோரைப் பாக்கியவான்கள் என்று அங்கே சொல்வதெப்படி? அரசு வந்துவிட்ட பின்னும் அரசு வரவேண்டுமென்று ஜெபிக்கக் கற்பிப்பது எதற்கு? இச்சட்டம் துன்பமும் பகையும் நிறைந்த காலத்திற்கே எழுதப்பட்டது, அக்காலம் நம்முடையது.

பரலோகராஜ்யம் வேறு, தேவனுடைய ராஜ்யம் வேறு என்று குறிப்புரை பிரிப்பதும் நிற்காது. மத்தேயு 19:23இல் ஐசுவரியவான் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிதென்கிறார் ஆண்டவர். அடுத்த வசனத்திலேயே அதைத் தேவனுடைய ராஜ்யம் என்கிறார். ஒத்திவைக்கப்பட்ட அரசைப் பவுல் ரோமாபுரியில் பிரசங்கித்துக் கொண்டிருந்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் முடிவதும் (28:31) வியப்பே.

இது வெறும் புத்தகச் சண்டையன்று. சாதியால் பிளவுண்ட ஒரு சபையில், சகோதரனோடு ஒப்புரவாகும்வரை காணிக்கையைப் பலிபீடத்தில் விட்டுப்போகும்படி போதகர் போதிக்கிறார் என்று கொள்வோம். “ஐயா, அது வரப்போகும் அரசின் சட்டம்” என்று மூப்பர் ஒருவர் விடையளிப்பாராயின், குறிப்புரை அவருக்கே துணைநிற்கும். இதுதான் நம்மை அச்சுறுத்துகிறது. கர்த்தருடைய வருகையைப் பற்றிய ஆவலை, சுகமாய் உறங்கிய சபைகளில் இப்போதனை மீண்டும் எழுப்பியது. அந்த நன்மையை மறுக்க மாட்டோம். ஆனால் வருகிறவரின் கட்டளைகளை நாளைக்கென்று எடுத்து வைத்துவிட்டு அவரை எதிர்நோக்குவது எங்ஙனம்?

அந்த ஆயிரமாண்டு அதிகாரத்திலேயே, சிங்காசனங்களின் காட்சியில் (20:4) யோவான் காண்பது யாரை? சாட்சியினிமித்தம் சிரச்சேதம் செய்யப்பட்டவர்களை. துன்புறுத்துவோர் நடுவில் மலைப்பொழிவின்படி வாழ்ந்து மாண்டவர் அவர்கள்.

இப்பள்ளியைச் சேர்ந்தோரும் இதை உணராமலில்லை. கிரேக் பிளேய்சிங், டேரல் பாக் என்னும் இருவர் 1993இல் வெளியிட்ட நூலில், கிறிஸ்துவின் அரசு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டனர். எனினும் பழைய குறிப்புரையோடு கூடிய வேதாகமம் இன்றும் அச்சாகிறது. மாணவர் பலரின் மேசையிலும் இருக்கிறது.