மஸ்டரில் இல்லாத பெயர்

முப்பது வயதுக் கொத்தனார் ஒருவர் சாரம் சரிந்து விழுந்து இறந்தால் அவர் குடும்பத்துக்கு எவ்வளவு சேர வேண்டும்? 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இதற்கு நேரான கணக்கு வைத்திருந்தது. மாதக் கூலியில் பாதியை 207.98ஆல் பெருக்க வேண்டும். அது முப்பது வயதுக்கான எண். நாற்பது என்றால் 184.17. எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் கணக்கில் ஏறும் கூலிக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். அதுவும் 2020 ஜனவரியில் வந்தது, அதற்கு முன் வெறும் 8,000. பெருக்கினால் 15,59,850 ரூபாய். உயிருக்குத் தசமப் புள்ளிவரை விலை போட்டிருக்கிறார்கள்.

உச்சவரம்பைத் தவிர இந்தச் சட்டத்தில் குறைசொல்ல எனக்கு அதிகம் இல்லை. முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில், வேலையால் நேர்ந்தது என்றால் போதும். குடித்திருந்தார், இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டார் என்ற சாக்குகள் மரணத்திலும் முழு நிரந்தர ஊனத்திலும் எடுபடாது. பிணவறை வாசலில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, ‘இனி எதுவும் கேட்க மாட்டோம்’ என்று வாங்கும் கையெழுத்து செல்லாது. ஸ்ரீகாகுளத்திலோ ஒடிசாவிலோ இருக்கும் மனைவி தன் ஊரிலிருந்தே மனுப் போடலாம். ஒரு மாதத்தில் பணம் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணமில்லை என்றால் தொகையில் பாதிவரை அபராதம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்தக் கட்டமைப்பைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

பாதுகாப்புக்கென்று 1996இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்தை இதே தராசில் வைக்க முடியாது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தை அது எட்டிப் பார்க்கவில்லை. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலநிதிக்கு என்றார்கள். நாடெங்கும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, ஏறக்குறைய 9,500 கோடிதான் செலவாகியிருப்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பாதுகாப்பு விதிகளுக்கென வந்திருக்கும் புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பிலோ ஆய்வாளர், ‘ஆய்வாளரும் உதவியாளரும்’ ஆகிவிட்டார். யாருக்கு உதவியாளர் என்று கேட்கத் தோன்றுகிறது. பாதுகாப்புக் கடமையை மீறி உயிர்போனால் விதிக்கும் அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் வாரிசுக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது நல்ல சேர்க்கை. ஆனால் அதற்கு முதலில் ஒருவர் தண்டிக்கப்பட வேண்டும்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் வந்தது. பக்கத்துக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தனியாக விழுந்து சாகும் சித்தாளுக்கு ஆணையம் வராது. நாளிதழில் நாலு வரி, காவல் நிலையத்தில் ‘தவறி விழுந்து’ என்ற இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லில் எந்த இடம், யாருடைய வேலை, சாரத்தில் தடுப்புக் கம்பி இருந்ததா எல்லாம் கரைந்துபோகும்.

இழப்பீட்டு வழக்கு சறுக்குவதும் இங்கேதான். ‘இந்த ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை’ என்று எதிர்மனுதாரர் சொல்லிவிட்டால், கணக்கெல்லாம் அந்தரத்தில் நிற்கும். கூலி சனிக்கிழமை மேஸ்திரி கையால் ரொக்கமாக வந்தது. மஸ்டரில் பெயர் இல்லை. கூட நின்று வேலை பார்த்தவர்கள் அடுத்த வாரமே வேறு சைட்டில். கம்பெனி சப் கான்ட்ராக்டரைக் காட்டும், அவர் மேஸ்திரியைக் காட்டுவார். ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் மூல முதலாளி பொறுப்பு என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அது அவருடைய தொழில் சார்ந்த வேலையாக இருக்க வேண்டும். சொந்த வீடு கட்டுகிறவருக்கு வீடு கட்டுவது தொழிலாகாது. மிஞ்சுவது மேஸ்திரி ஒருவர்தான். அவரிடம் ஜப்தி செய்யக் கரண்டியும் ரசமட்டமும் இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: தொகையை நிர்ணயிக்கும் சட்டம் தேறுகிறது, விபத்தைத் தடுக்கும் சட்டம் தேறவில்லை, வேலை உறவை நிரூபிக்கும் சுமையைக் காயம்பட்டவர் தலையில் வைத்திருப்பது இரண்டையும் கெடுக்கிறது. கட்டட அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அவரையே முதலாளி என்று எடுத்துக்கொள்ளட்டும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு. கடன் வாங்கி ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டுபவர் பதினைந்து லட்சத்துக்கு எங்கே போவார் என்பது நியாயமான கேள்விதான். அனுமதி கொடுக்கும்போதே நலநிதிப் பணத்தை வாங்கிக்கொள்ளும் அலுவலகம், அதே கவுன்டரில் ஆட்களுக்கான விபத்துக் காப்பீட்டு பாலிசியையும் கேட்டு வாங்கலாம்.