விடுபட்ட வரிகள்

புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுக்கள் கிடையாது. கிடைத்தவற்றிலும் சில சிதைந்திருக்கின்றன. 1894இல் அதைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். செய்யுள் செய்யத் தெரிந்தவர். நாலு சீர் கோத்து ஓட்டையை அடைப்பது அவருக்கு ஒரு பொழுது வேலைகூட அல்ல. ஏடுகள் செல்லரித்துக்கொண்டிருந்த காலத்தில் அதைக் கண்டுபிடிப்பதும் எளிதாக இருந்திராது. அவர் அடைக்கவில்லை. சிதைந்தது சிதைந்தபடியே அச்சேறியது. ஆராய்ச்சியில் நேர்மை என்பது முதலில் இதுதான்: இல்லாததை இல்லாததாகவே விட்டுவைக்கும் பொறுமை.

இதற்கு நேரெதிரான காரியம் இதே நாட்டில் சுமார் கால் நூற்றாண்டு நடந்தது. சண்டிகரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் வி. ஜே. குப்தா இமயமலையின் புதைபடிவங்கள் குறித்து நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வெளியிட்டார். 1989 ஏப்ரலில் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலண்ட் ‘நேச்சர்’ இதழில் அவற்றின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கினார். இமயத்தில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட கோனோடான்டுகள் (பாறையின் வயதைக் கணிக்க உதவும், பல் போன்ற நுண்படிவங்கள்) அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஆம்ஸ்டெல் ஓடையில் கிடைப்பவற்றை அப்படியே ஒத்திருந்தன. சுருள் ஓட்டு அம்மோனாய்டுகளோ மொராக்கோவிலிருந்து வந்து கடைகளில் விலைபோகும் சரக்கை ஒத்திருந்தன. குப்தா மறுத்தார். 1994இல் பல்கலைக்கழகத்தின் விசாரணை அவருக்கு எதிராகவே முடிந்தது. ஆனாலும் வேலை போகவில்லை. 2002இல் முறைப்படி ஓய்வு பெற்றார்.

இதை ஒரு தனிமனிதனின் மோசடியாகச் சொல்லி முடித்துக்கொள்வது வசதியானது. வசதியாக இருப்பதாலேயே சந்தேகத்துக்குரியது. அக்கட்டுரைகளில் கூட்டாசிரியர்களாகக் கையெழுத்திட்டவர்கள் நூறு பேருக்கு மேல். பலர் வெளிநாட்டு நிபுணர்கள். கையில் தரப்பட்ட படிவத்தை அவர்கள் சரியாகவே இனம் கண்டார்கள். உருவம், பெயர், வயது எல்லாம் சரி. அது எங்கே கிடந்தது என்பதை மட்டும் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொண்டார்கள். புதைபடிவத்துக்கு உயிரே அது கிடந்த இடம்தான். இடம் பொய்யானால் அது வெறும் கல். இல்லை, கல்லைவிடக் கேடு, ஏனென்றால் கல் யாரையும் ஏமாற்றுவதில்லை. இப்படிப் பல சிறு உண்மைகள் சேர்ந்து ஒரு பெரிய பொய்க்குச் சுமைகூலிகளாயின. பின்னால் வந்தவர்களோ அதை ஆதாரமாகக் கொண்டு மேலும் எழுதினார்கள்.

தமிழாய்வுக்காரர் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக நகர முடியாது. நம்மிடம் படிவத்தின் ஸ்தானத்தில் இருப்பது மேற்கோள். ஒருவர் நூலைப் பார்த்து எடுத்து எழுதுகிறார்; அடுத்தவர் அவரைப் பார்த்து எழுதுகிறார், ஆனால் அடிக்குறிப்பில் மூல நூலையே காட்டுகிறார். மூன்றாமவருக்கு இரண்டாமவரின் அடிக்குறிப்பே போதுமானதாகிவிடுகிறது. வாசகம் சரி, பக்க எண்ணும் சரியாக இருக்கலாம். எங்கே கிடந்தது என்பதில் மட்டும் பொய். நூலைத் திறக்காமலே திறந்ததாகப் பாவனை செய்வது சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். இல்லாத இடத்தில் கல்லைப் போடுகிற காரியமும் இதுவும் அளவில்தான் வேறு, ஜாதியில் ஒன்றே. பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு மேலைநாட்டு ஆசிரியர்களின் பெயர்களை இறைக்கும் விமர்சனத்துக்கும் இதில் விலக்குக் கிடையாது.

தண்டனை பற்றிய பேச்சு எப்போதும் காரியம் நடந்து முடிந்தபின் வருவது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் ஆய்வு மாணவன் ஒருவன், ‘இந்த நூல் எனக்குக் கிடைக்கவில்லை, இந்த இடம் எனக்கு விளங்கவில்லை’ என்று ஆய்வேட்டில் எழுதினால் அவன் கதி என்ன? குறை என்று சுழிக்கிறோம். நிரப்பிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறோம். அவன் நிரப்பிக்கொண்டுதான் வருவான்.