புலி எழுந்து போகலாம்

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறித் தெற்கே போனால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் வண்டலூர் வந்துவிடும். மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலையில் முதலில் போட்ட பகுதியே வண்டலூருக்கும் நெமிலிச்சேரிக்கும் இடைப்பட்டதுதான். பட்டாபிராம், திருநின்றவூர், ஆவடி வட்டாரக் குடும்பங்களுக்கு முன்பெல்லாம் அங்குள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்றால் ரயில் மாறி, பஸ் மாறி ஒரு முழு நாளைக் கொடுத்தாக வேண்டிய பயணம். இப்போது காலையில் கிளம்பி, பிள்ளைகள் களைப்பதற்குள் திரும்பிவிடலாம். அடிக்கடி போக முடிகிறபோது பார்வை மாறுகிறது. முதல் தடவை போகிறவர் புலியைப் பார்த்துவிட்ட மகிழ்ச்சியோடு வருகிறார். நாலாவது தடவை போகிறவருக்கு, ஒரு விலங்கு போன தடவையும் இதே வேலியோரம் இதே தடத்தில்தானே நடந்துகொண்டிருந்தது என்ற நினைவு வருகிறது.

காரணமில்லாமல் ஒரே தடத்தில் நடந்துகொண்டேயிருப்பது, கரடி நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமும் ஆட்டுவது, கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வது இவையெல்லாம் அடைபட்ட வாழ்வு விலங்கின் மேல் எழுதிவைக்கும் தழும்புகள். 2003இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காட்டில் எந்த ஊனுண்ணி அதிகத் தொலைவு திரிகிறதோ, அதுதான் கூண்டில் அதிகமாக இப்படி நடக்கிறது என்பது அவர்கள் கண்டது. பனிக்கரடி அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தது.

இந்தத் துன்பத்தைக் குறைக்கப் பூங்காக்கள் இன்று இரண்டு வழிகளைச் சொல்கின்றன. ஒன்று, வெகுமதி கொடுத்துப் பழக்கும் பயிற்சி. மற்றது, விலங்கின் நாளுக்கு வேலையும் புதுமையும் சேர்க்கும் ‘என்ரிச்மெண்ட்’, அதாவது வாழ்சூழல் வளமூட்டல். இரண்டையும் நான் ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டைப் பற்றியும் குறையே இல்லாததுபோல் பேசுகிறார்கள். அதை ஏற்க முடியவில்லை.

பயிற்சி என்றதும் சர்க்கஸ் சாட்டை நினைவுக்கு வருவது இயல்பு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 1998இல் அறிவித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து வந்த சிங்கங்களையும் புலிகளையும் வைத்துக் காக்க மீட்பு மையம் அமைந்த இடங்களில் வண்டலூரும் ஒன்று. கோலைத் தூக்கினாலே ஒடுங்கிப்போகும் விலங்கைப் பார்த்தவர்களுக்குப் பயிற்சி என்ற பேச்சே கசக்கும்.

இன்றைய பூங்காப் பயிற்சி நடக்கும் விதமே வேறு. வயதான ஒரு புலியிடம் ரத்தம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காப்பாளர் கம்பி வலைக்கு வெளியே நிற்கிறார். நுனியில் பந்து பொருத்திய கோல் ஒன்றை நீட்டுகிறார். புலி அதை மூக்கால் தொட்டால் விசில். விசிலைத் தொடர்ந்து ஒரு துண்டு இறைச்சி. ‘நீ செய்தது சரி’ என்று அந்த நொடியிலேயே சொல்வதற்குத்தான் விசில். பிறகு கோலைக் காட்டி வலையை ஒட்டிப் படுக்கச் செய்கிறார். அடுத்து, வலையின் அடிப்பகுதியில் உள்ள இடைவெளி வழியே வாலை வெளியே இழுக்க விடுவது, வாலைப் பிடித்துக்கொண்டிருப்பது, பஞ்சால் துடைப்பது, மழுங்கிய ஊசியால் தொட்டுப் பழக்குவது. வாரங்களும் மாதங்களும் கழித்து ஒரு நாள் உண்மையான ஊசி. நடுவில் எந்தக் கட்டத்திலும் புலி எழுந்து போகலாம். போனால் அடி இல்லை, அதட்டல் இல்லை. அன்றைய பாடம் அதோடு முடிகிறது. இந்த முறையின் உயிரே அந்த எழுந்து போகும் உரிமைதான்.

இந்தப் பயிற்சி இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? விலங்கை ‘ஸ்குவீஸ் கேஜ்’ எனப்படும் நெருக்குக் கூண்டில் அசைய விடாமல் அழுத்துவார்கள். அல்லது மயக்க ஊசி போடுவார்கள். சென்னை வெயிலில் மயக்கத்தில் கிடக்கும் பெரும்பூனைக்கு உடற்சூடு ஏறும் ஆபத்து உண்டு. வாந்தி மூச்சுக்குழாயில் போகும் ஆபத்தும் உண்டு. மான் இனங்களின் நிலை இன்னும் மோசம். துரத்திப் பிடிக்கும் பதற்றத்திலேயே அவற்றின் தசைகள் சிதைந்து, பிடித்துச் சில நாட்கள் கழித்துக்கூடச் செத்துப்போகும். அமெரிக்காவின் டென்வர் பூங்காவில் 1990களில் போங்கோ என்ற பெரிய ஆப்பிரிக்க மானினத்தைப் பெட்டிக்குள் தானாக வந்து நின்று ரத்தம் கொடுக்கப் பழக்கினார்கள். அப்படி எடுத்த ரத்தத்தில் பதற்றத்தைக் காட்டும் சுரப்பி நீர் மிகக் குறைவாக இருந்தது. விலங்குக்குச் சிரமமில்லை என்பதற்கு அதன் உடலே சொன்ன சாட்சி இது.

2021 ஜூன் மாதத்தை வண்டலூர் மறக்க முடியாது. கொரோனாவின் இரண்டாம் அலையில் சிங்கங்களுக்கும் தொற்று பரவியது. மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போயின. ஜூன் 3 அன்று நீலா என்ற பெண் சிங்கமும், 16 அன்று ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. பயிற்சி இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. வைரஸின் வேகத்தை விசில் தடுக்காது. ஆனால் சில வாரங்களிலேயே கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து பூங்காவில் புலிகள் கம்பியோரம் தாமாக வந்து நின்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டன. அங்கே அந்தப் பழக்கம் நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. நோய் வந்த பிறகு தொடங்கினால் பயனில்லாத வேலை இது.

நம்மூரில் முடியாது என்று சொல்வோருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பதில் இருக்கிறது. ராமுலஸ் விட்டேக்கர் 1976இல் வடநெம்மேலியில் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில் முதலைகளைப் பெயர் சொல்லி அழைத்தால் வரவும், காட்டும் கோலைப் பின்தொடரவும் பழக்கியிருக்கிறார்கள். மூளை சிறியது, கல்போல் கிடப்பது என்று நாம் ஒதுக்கிய விலங்கு அது. ஊருக்கே தெரிந்த இந்தச் செய்தியிலிருந்து உயிரியல் பூங்காக்கள் கற்றுக்கொண்டது குறைவு என்பது என் வருத்தம். சிம்பன்ஸிக்கும் புலிக்கும் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு நரிக்கும் கடமானுக்கும் மலைப்பாம்புக்கும் கிடைப்பதில்லை.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவது, ஆழமானதும் அதுதான். ‘விலங்கு தானாக வருகிறது’ என்கிறோம். எந்த உணவுக்காக வருகிறது? அதன் முழு உணவும் நம் கையில் இருக்கிறது. காலைத் தீனியை நிறுத்திவைத்துவிட்டு, பசியோடு நிற்கும் விலங்குக்கு இறைச்சியைக் காட்டி ‘வா’ என்றால் அது விருப்பத்தின் பேரில் வருவதா? சாட்டை போய்ப் பட்டினி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றைய முழு உணவும் எப்படியும் கிடைக்கும், பயிற்சியில் கிடைப்பது அதற்கு மேல் ஒரு சுவை, வராவிட்டாலும் இழப்பில்லை. இந்த மூன்றும் எழுதப்பட்ட விதியாக இல்லாத இடத்தில் வெகுமதிப் பயிற்சி என்ற பெயரை ஏற்கக் கூடாது.

வெகுமதி மட்டும் ஒரு செயலை நியாயமாக்கிவிடாது என்பதற்கு நீலகிரியின் ரிவால்டோ எடுத்துக்காட்டு. துதிக்கையில் காயமுற்று, வாழைத்தோட்டம் மக்கள் கொடுத்த தீனிக்குப் பழகிப்போன காட்டு யானை அது. 2021 மே மாதத்தில் அதை மயக்க ஊசி இல்லாமல், பழங்களைக் காட்டியே நடத்திச் சென்று மரக்கொட்டடிக்குள் சேர்த்தார்கள். செய்தியைப் படித்த பலருக்கும் அது மென்மையான வழியாகத் தோன்றியது. மயக்க ஊசியைத் தவிர்த்தது நல்லதே. ஆனால் பழத்தை நம்பி நடந்த யானைக்குப் பின்னால் கொட்டடி மூடிக்கொண்டது; எழுந்து போகும் வாய்ப்பு அதற்கு இல்லை. ஆகஸ்டில் மீண்டும் காட்டில் விடப்பட்டது ஆறுதல். முகாம்களில் கொட்டடியில் அடைத்து, பணிந்த பிறகு கரும்பும் வெல்லமும் கொடுத்து யானையைப் பழக்கும் நம் பழைய முறையிலும் வெகுமதி இருக்கிறது. மறுக்கும் உரிமைதான் இல்லை.

இரண்டாவது குறை, பயிற்சி கண்காட்சியாகச் சரிவது. வாயைத் திறக்கப் பழக்குவது பல்லைப் பார்ப்பதற்கு. ஆனால் வாயைத் திறந்ததும் பார்வையாளர்கள் கைதட்டினால், அடுத்த வாரம் அதற்கு நேரம் குறித்து அறிவிப்புப் பலகை வைக்கத் தோன்றும். ஒவ்வொரு பழக்கத்துக்கும் மருத்துவக் காரணம் ஒன்றை மருத்துவர் எழுதித் தர வேண்டும். காரணம் இல்லாத பழக்கம் வேண்டாம். இந்த ஒரு கட்டுப்பாடு போதும்.

வளமூட்டலுக்கு வருகிறேன். இங்கே எனக்குப் புகார் அதிகம். ஒவ்வொரு மே மாதமும் நாளிதழ்களில் ஒரே படம் வரும்: வண்டலூர்க் கரடி பழத்துண்டுகள் உறைந்த பனிக்கட்டியை நக்குகிறது, யானை ஷவரில் குளிக்கிறது. வெயிலுக்கு அவை தேவைதான். செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஜூலையில் அந்தக் கரடிக்கு என்ன வேலை? காட்டில் தேன்கரடி இரவெல்லாம் கறையான் புற்றைத் தோண்டி, மண்ணை ஊதித் தள்ளி, உறிஞ்சித் தின்று திரிகிறது. பூங்காவில் அதன் சாப்பாடு சில நிமிடங்களில் முடிகிறது. மீதி நேரம் முழுக்க வெறுமை. துளையிட்ட மரத்துண்டுக்குள் தேனை வைப்பது, உணவைப் பத்து இடங்களில் ஒளிப்பது, இன்னொரு விலங்கின் வாசனை தோய்ந்த வைக்கோலைப் போடுவது என்று அந்த வெறுமையை நிரப்புவதுதான் வளமூட்டல். இதற்குக் காசு அதிகம் ஆகாது, ஆனால் தினமும் யோசிக்க ஓர் ஆள் வேண்டும்.

விலங்குகள் வேலையை விரும்புகின்றன என்பதற்கு நெடுங்காலச் சான்று உண்டு. 1963இல் க்ளென் ஜென்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், கிண்ணத்தில் தீனி தாராளமாக இருந்தும் எலிகள் நெம்புகோலை அழுத்தித் தீனியைச் சம்பாதித்துத் தின்றதைக் காட்டினார். தீனி மட்டும் போதாது, தேடலும் வேண்டும்.

ஆனால் பொருளைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம் ஆபத்தானது. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும் ரப்பர் பந்து சுவரின் ஒரு பகுதியாகிவிடும். ஸ்வைஸ்குட், ஷெப்பர்ட்சன் இருவரும் 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வளமூட்டல் இந்த அர்த்தமற்ற அசைவுகளைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது ஏறத்தாழ பாதித் தருணங்களில்தான். மீதிப் பாதியில் ஏன் பலிக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கவனித்து எழுதும் பழக்கம் வேண்டும். பந்தைப் போடுவதற்கு முன் ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் நடந்தது, போட்ட பின் எத்தனை, பத்து நாள் கழித்து எத்தனை என்று ஏட்டில் எழுதாமல் செய்யும் வளமூட்டல் பார்வையாளரின் மனத்தைத்தான் வளப்படுத்தும். சர்க்கஸ் கூண்டில் இளமையைக் கழித்த விலங்குக்குச் சில அசைவுகள் என்ன செய்தாலும் போகாமலும் இருக்கலாம். அதையும் எழுதிவைத்தால்தான் புதிய காயத்தையும் பழைய தழும்பையும் பிரித்தறிய முடியும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பயிற்சியும் விளையாட்டுப் பொருள்களும் இருக்கின்றன, அதனால் சிறிய கூண்டு போதும் என்ற வாதம். 1855இல் எட்வர்ட் பால்ஃபோர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பிறகு பீப்பிள்ஸ் பார்க்கில் நெருக்கடியான கூண்டுகளில் நடந்த பழைய மெட்ராஸ் மிருகக்காட்சிச்சாலையை மூடி, 1985 ஜூலையில் வண்டலூர்க் காட்டுக்குக் கொண்டுபோனதே இடம் வேண்டும் என்பதற்காகத்தான். இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 600 ஹெக்டேர். இடத்துக்கும் கூட்டு வாழ்வுக்கும் எந்த விசிலும் ஈடாகாது. யானைகளை உயிரியல் பூங்காக்களில் வைக்க வேண்டாம் என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009இல் சொன்னது அதனால்தான்.

இடம் மட்டும் இருந்தாலும் போதாது. 2025 அக்டோபரில் வண்டலூர் சிங்க சஃபாரியில் விட்ட இளம் சிங்கம் ஒன்று இரவு கூண்டுக்குத் திரும்பவில்லை. டிரோன் கொண்டு தேடினார்கள். ஊரில் வதந்தி பரவியது. சில நாளில் சிங்கம் தானாகத் திரும்பியது. அது ஆபத்தாக முடியவில்லை என்பது நிம்மதி. அழைத்தால் வரும் பழக்கம் ஏன் அடிப்படைத் தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பெரிய இடத்தைக் கொடுக்கக் கொடுக்க, விலங்குக்கும் காப்பாளருக்கும் இடையே உள்ள நம்பிக்கை அதிகம் தேவைப்படுகிறது.

காப்பாளர் என்ற சொல்லில் வந்து நிற்கிறேன், ஏனென்றால் இந்த முறையின் வெற்றியும் தோல்வியும் அவரிடம்தான் இருக்கின்றன. புலி விசிலை நம்புவதில்லை, விசில் ஊதும் ஆளை நம்புகிறது. அவருடைய குரல், நடை, வியர்வை வாசனை எல்லாம் அதற்குத் தெரியும். எட்டு மாதம் வாலை நீட்டப் பழக்கிய காப்பாளரைப் பறவைப் பிரிவுக்கு மாற்றினால் பாடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இந்தியப் பூங்காக்கள் பலவற்றில் இந்த வேலை தினக்கூலியாகவோ ஒப்பந்தமாகவோதான் நடக்கிறது. அதே ஆளே கூண்டு கழுவுகிறார், தீனி வெட்டுகிறார், ஞாயிறு கூட்டத்தில் கல் எறிகிற பிள்ளைகளைத் தடுக்கிறார். அவரிடம் போய் ‘நடத்தையைக் குறித்து வையுங்கள்’ என்று ஒரு ஏட்டை நீட்டுவது அநியாயம். வளமூட்டல் பற்றி மத்திய ஆணையத்தின் வழிகாட்டி இருக்கிறது, பயிலரங்குகளும் நடக்கின்றன. அங்கே போய் உட்காருகிறவர்களில் அதிகாரிகளும் மருத்துவர்களும் எத்தனை பேர், நாளை காலை கூண்டருகே நிற்கப்போகிறவர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். வெகுமதிப் பயிற்சி வண்டலூருக்கு வேண்டும், பெரும்பூனைகளோடு நிற்காமல் மான்களுக்கும் வேண்டும். ஆனால் காப்பாளருக்கு நிரந்தர வேலையும், ஒரே பிரிவில் குறைந்தது சில ஆண்டுகளும், தினமும் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கிய நேரமும் கொடுக்காமல் அதைத் தொடங்குவது வீண். வனத்துறை புதிய கூண்டுக்கும் புதிய வாகனத்துக்கும் நிதி கேட்கும்போது இந்தச் சம்பளத்துக்கும் சேர்த்துக் கேட்கட்டும். எந்த விலங்குக்கு எந்தப் பயிற்சி நடந்தது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை ஆண்டறிக்கையில் மக்கள் படிக்கும்படி வெளியிடட்டும். வெளிவட்டச் சாலை வழியே அடிக்கடி போகிற நம்மவர்களும் ஒன்று செய்யலாம். வேலியோரம் தடம் பதிய நடக்கும் விலங்கைக் கண்டால், தேதியும் நேரமும் குறித்துப் பூங்கா இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.