கோப்பை ஏந்திய குதிரைவீரனும் பி ஷிஃப்ட்டும்

காதலுக்குக் குறி கேட்க இப்போது கோயில் வாசல் மரத்தடிக்குப் போக வேண்டியதில்லை. செல்போன் போதும். யூடியூபில் தமிழிலேயே டாரட் சொல்பவர்கள் ஏராளம். மேசையில் மூன்று சிறு அடுக்குகளைக் கவிழ்த்து வைத்து, "மனசுக்குத் தோணுற ஒண்ண எடுத்துக்கோங்க" என்பார்கள். கேள்வியும் அநேகமாக ஒன்றேதான்: "அவங்க மனசுல நீங்க எந்த இடத்துல இருக்கீங்க?" காஞ்சிபுரம் மாவட்டத் தொழிற்பேட்டைகளான சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடத்திலோ ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டல் அறைக்குத் திரும்பும் இருபது வயதுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி இருப்பதில் வியப்பில்லை. அதற்கு டாரட்டின் கோர்ட் கார்டுகள் பதில் சொல்லுமா என்பதுதான் விஷயம்.

ஒரு டாரட் கட்டில் 78 சீட்டுகள். அவற்றில் 16 கோர்ட் கார்டுகள்: பேஜ் (ஏவல் பையன்), நைட் (குதிரைவீரன்), குயின், கிங் என நான்கு பேர்; கப்ஸ் (கோப்பை), வாண்ட்ஸ் (கோல்), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டக்கிள்ஸ் (காசு) என நான்கு வகை. வட இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் வீட்டுச் சீட்டாட்டமாகத் தொடங்கியது இது. எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய ஞானம் இதில் ஒளிந்திருப்பதாக 1781இல் கூர் து ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். ஆதாரம் எதுவும் அவரிடம் இல்லை. குறி சொல்லும் பழக்கம் பெருகியது அதன் பிறகுதான். ஆகவே 'ஆதி காலத்து ஞானம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் அதை அப்படியே தள்ளிவிடலாம்.

தள்ளிவிட முடியாதது படங்கள். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். மூன்று குதிரைவீரர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். வாள் ஏந்தியவன் காற்றில் மரங்கள் வளைய நாலுகால் பாய்ச்சலில் போகிறான். கோப்பை ஏந்தியவனின் குதிரை நிதானமாக அடியெடுத்து வைக்கிறது. எதிரே ஓடை, கையில் கோப்பை, இன்னும் கொடுக்கவில்லை. காசு ஏந்தியவனின் கருங்குதிரையோ அசையாமல் நிற்கிறது; பின்னால் உழுத நிலம். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், ரெண்டு வருஷம் பொறு" என்று சொல்கிற ஒப்பந்தத் தொழிலாளியை இந்த மூன்றாவது படத்தில் அடையாளம் காண ஜோசியர் தேவையில்லை. குயின் ஆஃப் கப்ஸ் இன்னும் நுட்பம். அவள் கையிலுள்ள கோப்பைக்கு மட்டும் மூடி உண்டு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆசையைச் சொல்லாமல் வைத்திருப்பதைப் பற்றி, நெருக்கத்துக்கு அஞ்சுவதைப் பற்றிப் பேச ஆரம்பிக்க இதைவிட நல்ல படம் எளிதில் கிடைக்காது.

நம் ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இதன் பலம் புரியும். கிளி ஜோசியம் நடக்கப்போவதைச் சொல்லும். ஆளைப் பற்றி அதிகம் பேசாது. பத்துப் பொருத்தம் பார்க்கும்போது ஆளே கிடையாது, இரண்டு நட்சத்திரங்கள்தான். உடல் நெருக்கத்துக்கென்று அதில் யோனிப் பொருத்தம் இருக்கிறது. அதையும் ஆளுக்கொரு மிருகத்தைச் சொல்லி, சம்பந்தப்பட்ட இருவரும் இல்லாத கூடத்தில் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள். கோர்ட் கார்டு அப்படியல்ல. பெண்ணே கேட்கிறாள், அதுவும் குணத்தைப் பற்றிக் கேட்கிறாள். 'அவன் எப்படிப்பட்டவன், அவனோடு இருக்கும்போது நான் எப்படி ஆகிறேன்' என்று யோசிக்க வீட்டிலோ வேலையிடத்திலோ வேறு எங்கே இடம் இருக்கிறது? இந்த ஒரு காரணத்துக்காகவே டாரட்டை மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை.

குறைகள் கணக்கிலிருந்தே தொடங்குகின்றன. மூன்று சீட்டு எடுத்தால் ஏறக்குறைய பாதித் தடவை ஒரு கோர்ட் கார்டாவது வந்துவிடும். பத்துச் சீட்டு விரித்தால் சராசரியாக இரண்டு. ஆகவே "உங்க வாழ்க்கையில ஒருத்தர் தெரியிறார்" என்பது பெரும்பாலும் எண்கணிதம். தெரிகிறவர் யார் என்பதில்தான் அடுத்த வித்தை. கிங் ஆஃப் கப்ஸ் வந்தால் அது அவனாக இருக்கலாம், நீங்களாக இருக்கலாம், இனி வரப்போகிறவராக இருக்கலாம், அல்லது ஆளே இல்லாமல் வெறும் 'எனர்ஜி'யாக இருக்கலாம். நான்கில் எது பொருந்தினாலும் சீட்டு சரி. எதுவும் பொருந்தாவிட்டால் இன்னும் நேரம் வரவில்லை. தோற்கவே முடியாத பந்தயம் இது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் 39 மாணவர்களுக்கு ஒரே குணவிவரத்தை 'உனக்கென்றே எழுதியது' என்று கொடுத்தார். அவர்கள் 5க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். 1949இல் அவர் வெளியிட்ட முடிவு இது. "வெளியே சிரிக்கிறீங்க, உள்ளே ஒரு வலி இருக்கு" என்ற வாக்கியம் தமிழிலும் அதே மதிப்பெண் வாங்கும்.

வெய்ட் எழுதிய விளக்கத்தைப் படித்தால் சிரிப்பு வரும். எந்த ஆளுக்கு எந்த வகைச் சீட்டு என்று முடி, கண், தோல் நிறத்தை வைத்துப் பிரிக்கிறார். பொன்முடிக்காரர்களுக்கு வாண்ட்ஸ், கருமுடியும் கருவிழியும் உள்ளவர்களுக்குப் பென்டக்கிள்ஸ். அந்தக் கணக்கில் காஞ்சிபுரம் மாவட்டமே பென்டக்கிள்ஸ்தான். நாற்பது தாண்டிய ஆணுக்குக் குதிரைவீரன், அதற்குக் கீழே என்றால் ராஜா. இளம் பெண்ணுக்குப் பேஜ், அதாவது படத்தில் ஒரு பையன். இன்று சொல்பவர்கள் இந்த விதிகளைக் கைவிட்டுவிட்டார்கள், நல்லது. ஆனால் படிநிலையைக் கைவிடவில்லை. காதலிப்பவர்களை அரண்மனை வரிசையில் நிறுத்தி, "அவர் இன்னும் கிங் ஆகலை, பேஜ் எனர்ஜிலதான் இருக்கார்" என்று சொல்வது அந்த ஆணின் எல்லாத் தவறுக்கும் வாய்தா வாங்கிக் கொடுக்கும் பேச்சு. நாலு பேரில் ஒருத்திதான் பெண் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய மனத்தாங்கல் வேறு. இந்தத் தொழிற்பேட்டைகளில் ஒருவர் திடீரென்று விலகிப்போவதற்குப் பாதிக் காரணங்கள் அவர் குணத்தில் இல்லை. அவளுக்கு பி ஷிஃப்ட், அவனுக்கு ஏ. ஒருவர் ஓய்வில் இருக்கும்போது மற்றவர் வேலையில். ஹாஸ்டல் வாசலில் வார்டன், கம்பெனி பஸ்ஸை விட்டால் அன்றைய சம்பளம் கேள்விக்குறி. வல்லம்–வடகாலில் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அத்தனை இளம் வயதினர் ஒரே இடத்தில். இருவர் உட்கார்ந்து நிதானமாகப் பேச எத்தனை இடம் இருக்கும்? திருமணமும் இங்கே வெறும் மனசு சம்பந்தப்பட்டதல்ல. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை ஒதுக்குவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது, நிறுவனம் அதை மறுத்தது, ஒன்றிய அரசு அறிக்கை கேட்டது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியவனை "எமோஷனலா மூடிக்கிட்டாரு" என்று ஒரு சீட்டு விளக்கினால், அவள் தன்னையே நொந்துகொள்வாள். சாதி தெரிந்த அன்றிலிருந்து பேசாமல் போனவனை அதே சீட்டு மிக மரியாதையாக மறைத்துவிடும். பதினாறு படங்களில் சூப்பர்வைசரும் இல்லை, சாதிச் சங்கமும் இல்லை.

காதலுக்குக் குறி கேட்பதில் தமிழுக்கு ஒரு முன்னோடி உண்டு. அகப்பாடல்களில் மகள் மெலிந்தால் தாய் கட்டுவிச்சியை அழைத்து நெல் பரப்பிக் குறி பார்ப்பாள். வேலன் என்ற பூசாரியைக் கூப்பிட்டு வெறியாட்டும் நடத்துவாள். ஔவையார் பாடிய குறுந்தொகை 23இல், குறி சொல்ல வந்தவளிடம் தோழி, தலைவனுடைய மலையைப் பற்றிய பாட்டையே திரும்பப் பாடச் சொல்கிறாள். குறி கேட்க உட்கார்ந்த வீட்டாருக்கு ஒரு ஆள் இருக்கும் செய்தி அதில் எட்டிவிடுகிறது. நெல் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தோழிக்கு வாய் திறக்க ஒரு சந்தர்ப்பம் கொடுத்தது, அவ்வளவே. கோர்ட் கார்டு உருப்படியாக வேலை செய்யும் இடமும் அதுதான்: அறைத்தோழி பக்கத்தில் இருக்க, ஒரு படத்தைப் பார்த்து, 'இதில் நான் யார்' என்று வாய்விட்டுப் பேசும்போது. தனியாக ஹெட்செட் மாட்டிக்கொண்டு, அங்கே இல்லாத ஒருவன் மனசைப் படித்துச் சொல்பவருக்கு ஜிபேயில் பணம் அனுப்பும்போது அல்ல.

ஆகவே சீட்டு பார்ப்பவர்கள் தாராளமாகப் பாருங்கள். கேள்வி உங்களைப் பற்றியதாக இருக்கட்டும். அவன் நினைப்பதை அவனிடமே கேளுங்கள். காசு கொடுத்தால் பிரிந்தவரைத் திரும்ப வரவைப்பேன் என்பவரை அன்றே பிளாக் செய்யுங்கள். வீட்டு மிரட்டல், சாதிப் பிரச்சினை என்றால் சீட்டை மூடிவைத்துவிட்டு 181ஐ அழையுங்கள். அந்த மகளிர் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. முடிவு கல்யாணம்தான் என்றால், இந்துக்கள் இருவர் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ள, இந்து திருமணச் சட்டத்தில் 1967ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவு இருக்கிறது. அதற்கு ஊரறிய அறிவிப்பு கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.